கூர் இல்லாத வாள்

மாஸ்கோவில் நினைவுப் பொருள்கள் விற்கும் கடைகளில், மரப்பொம்மைகளுக்கும் சமோவார்களுக்கும் மேலே சுவரில் ஒரு வாள் தொங்குவதைப் பார்க்கலாம். அதன் பெயர் சாஷ்கா. கொசாக் குதிரை வீரனின் பாரம்பரிய வாளுடைய நகல். வாங்கினால் உறையோடு தருவார்கள். கூடவே ஒரு காகிதமும் வரும். வீடு போய்ச் சேரும்வரை வாளைவிட அந்தக் காகிதத்தைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பரிசோதித்துப் பார்த்ததில் இந்தப் பொருள் ஆயுதம் அல்ல என்று உறுதியாகியிருக்கிறது என்கிறது அந்தச் சான்றிதழ்.

பார்ப்பதற்கு வாளாக இருக்க வேண்டும். ஆனால் வாளாக இருக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கு நடுவேதான் நகல் வாள் வியாபாரம் உலகெங்கும் நடக்கிறது. வடிவம் அப்படியே இருக்கும், கூர் மட்டும் எடுக்கப்பட்டிருக்கும். ரஷ்யாவில் அப்படி எடுக்கப்பட்டது இரும்பின் கூர் மட்டும்தானா என்பதுதான் கேள்வி.

முதலில் வாளைப் பார்ப்போம். சாஷ்கா ஏறத்தாழ 1 மீட்டர் நீளம். எடை ஏறத்தாழ 1 கிலோ. லேசான வளைவு, ஒரே பக்கம் கூர். மற்ற வாள்களிலிருந்து இதை உடனே பிரித்துக் காட்டுவது இதில் இல்லாத ஒன்று: கையைக் காக்கும் குறுக்குக் கம்பி கிடையாது. மராட்டியர், ராஜபுத்திரர், பிரெஞ்சுக்காரர் என எல்லோருடைய வாளிலும் விரல்களைப் பாதுகாக்க ஏதாவது ஓர் ஏற்பாடு இருக்கும். சாஷ்காவில் அலகு முடிந்த இடத்தில் பிடி தொடங்கிவிடுகிறது. பிடியின் தலைப்பகுதி மட்டும் இரண்டாகப் பிளந்து, காது விரித்தது போல் இருக்கும்.

கை வெட்டுப்படாதா என்று கேட்கலாம். சாஷ்கா எதிராளியின் வாளைத் தடுப்பதற்காக உருவானதல்ல. காகசஸ் மலைகளில் துப்பாக்கி பரவி, இரும்புச் சங்கிலிக் கவசம் அணிவது வழக்கொழிந்த காலத்தில் செல்வாக்குப் பெற்ற வாள் இது. துப்பாக்கியைச் சுட்டாகிவிட்டது, மறுபடி மருந்து கெட்டிக்க நேரமில்லை, எதிரி பக்கத்தில் வந்துவிட்டான். அந்த ஒரு நொடிக்கான ஆயுதம். அதனால்தான் இடுப்பில் தொங்கும்போது இதன் கூர் மேல்நோக்கி இருக்கும். உருவும் அசைவே வெட்டும் அசைவாகிவிடும். இடையில் கையைத் திருப்ப வேண்டியதில்லை. காகசஸ் வகையில் பிடியின் பெரும்பகுதி உறைக்குள்ளேயே அமர்ந்திருக்கும். மழை உள்ளே இறங்காது, குதிரை ஓடும்போது சத்தம் வராது. பதுங்கிப் போய்த் தாக்கும் மலைவாசிக்கு இரண்டுமே முக்கியம்.

மலைவாசி என்று சொல்லக் காரணம் உண்டு. இது கொசாக்குகளின் வாளே அல்ல. சாஷ்கா என்ற சொல்லே சர்க்காசிய மொழியிலிருந்து வந்தது. பெரிய கத்தி என்று பொருள். கருங்கடலின் வடகிழக்குக் கரையிலும் அதையொட்டிய மலைகளிலும் வாழ்ந்த சர்க்காசியர்கள், தங்களை அடிகே என்று அழைத்துக்கொள்பவர்கள், உருவாக்கிய ஆயுதம். அவர்களோடு சண்டை போட வந்தவர்கள்தான் கொசாக்குகள். வாளை எதிரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பெயரையும் சேர்த்து.

கொசாக்குகளைக் கஜகஸ்தான் மக்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு பெயர்களுக்கும் வேர் ஒரே துருக்கியச் சொல்தான்: கட்டுப்பாடில்லாமல் திரிகிற சுதந்திர மனிதன். ஆனால் கொசாக்குகள் பெரும்பாலும் ஸ்லாவ் இனத்தவர், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். பண்ணையடிமை முறையிலிருந்து தப்பி ஓடியவர்களும் எல்லைப்புறத்துச் சாகசக்காரர்களும் டான், நீப்பர் போன்ற நதிக்கரைகளில் சேர்ந்து உருவாக்கிக்கொண்ட சமூகம். பிற்பாடு ஜார் மன்னர்கள் இவர்களுக்கு நிலமும் சலுகையும் கொடுத்து, பதிலுக்குப் படைச்சேவையை வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு கொசாக்கும் சேவைக்கு வரும்போது குதிரையையும் வாளையும் தன் செலவிலேயே கொண்டுவர வேண்டும். அதனால் வாள் அரசாங்கச் சொத்தாக இல்லாமல் குடும்பச் சொத்தாக இருந்தது. தாத்தாவின் வாள் பேரனுக்கு வந்தது.

ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர்களுக்கு இவர்கள் புதியவர்கள் அல்ல. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் அனுப்பிவைத்த தமிழ்ப் புத்தகங்கள் ரஷ்ய இலக்கியத்தை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தன. டால்ஸ்டாய் 1851ல் காகசஸுக்குப் போய் அங்கே படையில் இருந்தவர். அந்த அனுபவத்தில் பிறந்து 1863ல் வெளியான 'கொசாக்குகள்' நாவலில் ஒரு விநோதத்தைப் பதிவு செய்கிறார். டெரக் நதிக்கரைக் கொசாக்குக்கு, தன் ஊரில் வந்து தங்கும் ரஷ்யச் சிப்பாயைவிட, தன்னைக் கொல்ல வரும் மலைவாசி மீதுதான் மரியாதை அதிகம். உடையும் ஆயுதமும் குதிரையும் மலைவாசியுடையதைப் போல இருந்தால்தான் அவனுக்குப் பெருமை. இன்று கொசாக் உடை என்று உலகம் அறிந்திருக்கும் நீண்ட அங்கியும், மார்பில் வரிசையாகத் தோட்டா செருகும் குழாய்களும் மலைவாசிகளிடமிருந்து வந்தவைதான்.

கொசாக்கிடமிருந்து ரஷ்ய ராணுவம் எடுத்துக்கொண்டது. 1830களில் சில படைப்பிரிவுகளுக்கு சாஷ்கா அதிகாரபூர்வ ஆயுதமானது. 1881ல் ராணுவச் சீர்திருத்தம் வந்தபோது, ஐரோப்பிய பாணி வளைவாள்களை ஓரங்கட்டிவிட்டுக் குதிரைப்படையின் பெரும்பகுதிக்கு சாஷ்காவையே கொடுத்தார்கள். வழக்கமான குதிரைப்படைக்குக் கைக்காப்பு வைத்த வகை, கொசாக்குகளுக்குக் காப்பில்லாத பழைய வகை. இன்று நகல் செய்பவர்கள் அதிகம் பார்த்துச் செய்வது இந்த 1881 மாதிரியைத்தான்.

ஆக, கடையில் தொங்கும் வாள் நகலின் நகல். சர்க்காசியனைப் பார்த்துக் கொசாக், கொசாக்கைப் பார்த்து ஜாரின் ராணுவம், ராணுவத்தைப் பார்த்து இன்றைய தொழிற்சாலை. ஒவ்வொரு கட்டத்திலும் வாள் கை மாறியது. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய சொந்தக்காரரின் பெயர் கொஞ்சம் அழிந்தது.

முதல் சொந்தக்காரர்களுக்கு என்ன ஆயிற்று? பல பத்தாண்டுகள் நீடித்த போருக்குப் பிறகு, 1864 மே 21 அன்று, அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி, கருங்கடலுக்கு மேலே உள்ள ஒரு மலைப் பள்ளத்தாக்கில் ரஷ்யப் படை வெற்றி அணிவகுப்பு நடத்தியது. சர்க்காசியர்கள் லட்சக்கணக்கில் துருக்கிய சாம்ராஜ்யத்துக்கு விரட்டப்பட்டார்கள். கடற்கரையில் கப்பலுக்குக் காத்திருந்தபோதே பசியிலும் நோயிலும் செத்தவர்கள் ஏராளம். நெரிசலான கப்பல்களில் செத்தவர்கள் வேறு. காலியான நிலங்களில் கொசாக் கிராமங்கள் எழுந்தன. அணிவகுப்பு நடந்த பள்ளத்தாக்கின் இன்றைய பெயர் கிராஸ்னயா பொல்யானா. 2014ல் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்தது அங்கேதான். சரியாக 150 வருடம் கழித்து. 2011ல் ஜார்ஜியா நாட்டின் நாடாளுமன்றம் 19ம் நூற்றாண்டில் நடந்ததை இனப்படுகொலை என்று அங்கீகரித்தது. ரஷ்யா அப்படி அங்கீகரிக்கவில்லை.

வாளின் கதையில் இது ஒரு பக்கம். கொசாக்கின் கைக்கு வந்தபிறகு அது யார் மீது இறங்கியது என்பது இன்னொரு பக்கம். எல்லைக் காவலனாக இருந்தவன் 19ம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஜாரின் போலீஸ்காரனாகவும் ஆகிவிட்டான். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளியும் ஊர்வலம் போன மாணவனும் கொசாக்கைத் தெரிந்துவைத்திருந்தது சவுக்கு மூலமாகவும் வாளின் தட்டைப்பக்கம் மூலமாகவும். சில நாள் கூர்ப்பக்கம் மூலமாகவும்தான். உள்நாட்டுப் போரில் நிலைமை இன்னும் மோசம். 1919 செப்டம்பரில் கீவ் அருகே ஃபாஸ்தோவ் நகரில் வெள்ளைப் படையைச் சேர்ந்த டெரக் கொசாக்குகள் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். சிவப்புப் படையிலும் கொசாக்குகள் இருந்தார்கள். 1920ல் அவர்களோடு குதிரையேறிப் போலந்துப் போருக்குப் போன ஐசக் பாபெல் என்ற யூத எழுத்தாளர், கண்டதைச் சிறுகதைகளாக எழுதினார். 1926ல் தொகுப்பாக வந்த அந்த 'சிவப்புக் குதிரைப்படை'யில் வீரமும் கொடூரமும் ஒரே குதிரையில்தான் சவாரி செய்கின்றன.

ஆனால் இந்த வாளுக்கு ஒரே திசை என்றும் சொல்லிவிட முடியாது. 1917 பிப்ரவரியில் பெட்ரோகிராடில் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்த கூட்டத்தை விரட்டக் கொசாக்குகளை அனுப்பினார்கள். அவர்கள் விரட்டவில்லை. ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் நடந்த மோதலில் ஒரு போலீஸ் அதிகாரி கொல்லப்பட்டார். அவரை வெட்டியது ஒரு கொசாக்கின் வாள் என்ற செய்தி நகரம் முழுக்கப் பரவியது. யார் வெட்டுவான் என்று மக்கள் பயந்தார்களோ அவன் தங்கள் பக்கம் என்று தெரிந்தபோது பயம் போய்விட்டது. சில நாட்களில் ஜார் முடிதுறந்தார்.

புரட்சி அதற்கு நன்றி காட்டவில்லை. 1919 ஜனவரி 24 அன்று போல்ஷெவிக் கட்சித் தலைமை ஒரு ரகசியச் சுற்றறிக்கை அனுப்பியது. வசதியுள்ள கொசாக்குகளுக்கு எதிராக ஈவிரக்கமற்ற பயங்கரத்தை நடத்தும்படி அது உத்தரவிட்டது. சோவியத் ஆட்சியை எதிர்த்த மற்றவர்களையும் விட்டுவைக்கவில்லை. கொசாக்குகளின் ஆயுதங்கள் முழுவதையும் பறிமுதல் செய்ய வேண்டும், கெடு முடிந்தபின் யாரிடமாவது ஆயுதம் இருந்தால் சுட்டுக் கொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒரு ஷரத்து. சுவரில் மாட்டியிருந்த தாத்தாவின் வாள் ஒரே நாளில் மரண தண்டனைக்குச் சாட்சியமாகிவிட்டது. மார்ச்சில் டான் பகுதி கிளர்ந்தெழுந்தது. ஷோலகோவின் டான் நதி நாவலுக்கு முதுகெலும்பு அந்தக் கிளர்ச்சிதான். அந்த நாவலில் முதல் உலகப் போரின்போது கிரிகோரி ஓர் ஆஸ்திரியச் சிப்பாயை வெட்டுகிறான். அவனுடைய முதல் கொலை. அதன்பிறகு அவனுக்கு நிம்மதி போய்விடுகிறது. வாளைப் பற்றி எழுதும்போது வெட்டியவனின் உறக்கத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ஷோலகோவுக்குத் தெரிந்திருந்தது. நகல் செய்பவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அதே போல்ஷெவிக் அரசு 1920 ஏப்ரலில், போர்க்களத்தில் சாதித்த தளபதிகளுக்குத் தரும் உயர்ந்த கௌரவமாக எதைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? பிடியில் செங்கொடி விருது பதித்த சாஷ்காவை. வாள் வேண்டும், வாள்காரன் வேண்டாம். 1927ல் சிவப்புப் படைக்கென ஒரு புது மாதிரி வந்தது. ஜார் காலத்துக் கொசாக் வடிவம்தான். பிடியில் மட்டும் நட்சத்திரமும் அரிவாள் சுத்தியலும். 1936ல் கொசாக்குகள் படையில் சேர இருந்த தடை நீங்கியது. 1945 ஜூன் 24 அன்று செஞ்சதுக்கத்தில் நடந்த வெற்றி அணிவகுப்பில் மார்ஷல் ரோகோசோவ்ஸ்கி குதிரைமேல் இருந்தபடி உருவிய சாஷ்காவோடு வணக்கம் செலுத்தினார். அதே மாதம் 1ம் தேதி, ஆஸ்திரியாவின் லியன்ஸ் நகரில், ஹிட்லரின் பக்கம் சேர்ந்திருந்த ஆயிரக்கணக்கான கொசாக்குகளை, மனைவி குழந்தைகளோடு, பிரிட்டிஷ் ராணுவம் அடித்து வண்டியேற்றி ஸ்டாலினிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருந்தது. ஒரே ஜூன். ஒரே வாள். ஒரு பக்கம் வெற்றிச் சின்னம், இன்னொரு பக்கம் துரோகியின் அடையாளம்.

1950களின் நடுவில் சோவியத் குதிரைப்படை கலைக்கப்பட்டது. சாஷ்கா சினிமாவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் போனது. 1991ல் சோவியத் யூனியன் உடைந்தபோது, பழைய கொசாக்குகளின் பேரன்கள் பெட்டியிலிருந்து அங்கியையும் பதக்கத்தையும் எடுத்து அணிந்துகொண்டார்கள். பதக்கம் கிடைத்தது, வாள் கிடைக்கவில்லை. பறிமுதல் ஆகியிருந்தது, அல்லது பயத்தில் எங்கோ புதைக்கப்பட்டிருந்தது. நகல் சாஷ்காவுக்கு இவ்வளவு கிராக்கி வந்ததன் ஒரு காரணம் இது. அலங்காரப் பிரியம் மட்டுமல்ல, பிடுங்கப்பட்ட ஒன்றைத் திரும்பப் பெறும் ஆசையும்தான். அந்த ஆசையைக் கேலி செய்ய மனம் வரவில்லை. 1996ல் வந்த ரஷ்ய ஆயுதச் சட்டமும் அதை அங்கீகரித்தது. கொசாக் சீருடையோடு அணியும் வாளைக் குடிமக்கள் வைத்திருக்கக்கூடிய ஆயுதங்களில் ஒரு வகையாகவே அது குறிப்பிடுகிறது.

நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. சீக்கியர் கிர்பான் அணிவது அவர்களுடைய மதத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்று நம் அரசியல் சட்டத்தின் 25ம் ஷரத்திலேயே விளக்கம் இருக்கிறது. குடகு மக்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து தனி விலக்கு உண்டு. ஓர் ஆயுதம் ஒரு சமூகத்தின் உடம்பில் ஓர் உறுப்பு போல ஆகிவிட முடியும் என்பதை இந்த நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கொசாக்குகளுக்கும் இந்தியாவுக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு ஏற்பட இருந்தது. 1801 ஜனவரியில் ஜார் முதலாம் பால் ஓர் உத்தரவு போட்டார்: டான் கொசாக்குகள் இந்தியாவுக்குப் போய் ஆங்கிலேயரை விரட்ட வேண்டும். சரியான வரைபடம்கூட இல்லாமல் 20,000க்கும் மேற்பட்டவர்கள் பனியில் கிளம்பினார்கள். மார்ச்சில் பால் கொல்லப்பட்டார். மகன் அலெக்சாண்டர் உடனே அவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். ரஷ்ய எல்லையைத் தாண்டும் முன்பே படையெடுப்பு முடிந்துவிட்டது. ஆனாலும் சிந்து நதிக்கரையில் கொசாக் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் என்ற பயம் அடுத்த நூறு வருடம் ஆங்கிலேயரின் தூக்கத்தைக் கெடுத்தது.

கொசாக் இந்தியாவுக்கு வரவில்லை. இந்திய எஃகின் புகழ் ரஷ்யாவுக்குப் போய்விட்டிருந்தது. சாஷ்காக்கள் பெருமளவில் தயாரான ஊர் யூரல் மலையில் உள்ள ஸ்லதவூஸ்த். 1815ல் தொடங்கிய ஆயுதத் தொழிற்சாலை. ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வாள் செய்பவர்களை வரவழைத்து ஆரம்பித்தார்கள். அங்கே பணியாற்றிய பாவெல் அனோசவ் என்ற சுரங்கப் பொறியாளருக்கு ஒரே கனவு: புலாத் எஃகின் ரகசியத்தைக் கண்டுபிடிப்பது. கீழைநாட்டு வாள்களில் தண்ணீர் அலைபோல் ஓடும் கோலம் கொண்ட அந்த எஃகுதான் புலாத். அந்த வாள்களில் பலவற்றுக்கு மூலப்பொருள் தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிச் செய்த எஃகுக் கட்டிகள். மேல்நாட்டார் வூட்ஸ் என்று அழைத்த இந்த எஃகின் பெயருக்கு வேராகக் கன்னடத்தின் 'உக்கு', தமிழின் 'உருக்கு' ஆகியவற்றைச் சொல்வார்கள். இன்றைய தெலங்கானாவின் கோனசமுத்திரம் போன்ற ஊர்களுக்குப் பாரசீக வியாபாரிகளே வந்து வாங்கிப் போனார்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பழைய இரும்பு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இதே எஃகை நகலெடுக்க லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் முயன்றார். அனோசவ் வருடக்கணக்கில் பரிசோதனை செய்து, எஃகை நுண்நோக்கியில் வைத்து ஆராய்ந்து, 1841ல் 'புலாத் பற்றி' என்ற நூலை வெளியிட்டார். எஃகு ஆராய்ச்சியின் சரித்திரத்தில் அவருக்கு நிரந்தர இடம் கிடைத்தது. வூட்ஸ் உருக்கிய நம் கிராமத்து உலைக்காரர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. அவர்களுடைய உலைகள் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒவ்வொன்றாக அணைந்தன.

கதை அங்கே நிற்கவில்லை. 1943ல் டேராடூனில் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம் முதலில் ராணுவத்துக்குக் குக்ரி கத்திகள் செய்தது. பிற்பாடு உலகத்து வாள்களின் நகல்களைச் செய்து மேல்நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் ஏற்றுமதி செய்யும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ஒரு காலத்தில் உலகம் நகலெடுக்க முயன்ற எஃகைச் செய்த நாடு, இன்று உலகத்தின் வாள்களை நகலெடுத்துக் கொடுக்கிறது. வயிற்றுப் பிழைப்பில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. வேடிக்கை இருக்கிறது, அவ்வளவுதான்.

நகலிலும் தரம் உண்டு. மலிவானது எவர்சில்வர் அலகு. நம் சமையலறைப் பாத்திரத்தின் தூரத்து உறவு. பளபளக்கும், துருப்பிடிக்காது. ஆனால் வேகமாக வீசினால் பிடியோடு சேரும் இடத்தில் உடைந்து பறக்கலாம். சுவரை விட்டு இறக்காமல் இருப்பதே உத்தமம். நல்ல நகல் கார்பன் எஃகில் செய்யப்படும். அலகின் காம்பு பிடியின் கடைசிவரை போகும். உண்மையான வாள் பிடியருகே தடிமனாகவும் நுனிக்குப் போகப் போக மெலிந்தும் இருக்கும். மலிவு நகலில் முழுவதும் ஒரே கனம், அதனால் நுனி கனத்துக் கை வலிக்கும். அலகில் ஓடும் பள்ளத்தை ரத்தம் வடியும் கால்வாய் என்று விற்பனையாளர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். எடையைக் குறைப்பதற்கான ஏற்பாடு அது. இன்றைக்கு ரஷ்யாவில் சாஷ்காவைச் சுழற்றி ஆடும் கலை இளைஞர்களிடையே பிரபலம். நம் ஊர் சிலம்பம் போல, கண்ணுக்கு விருந்து. அதற்கென்று கூரில்லாத தனி நகல்கள் வருகின்றன.

இதோடு முடிந்தால் சந்தோஷமான கதை. ஆனால் கூர் எடுத்த வாளைக் கையில் கொடுத்தால், கூர் எங்கே என்று தேடத் தோன்றும் போலிருக்கிறது. 2005ல் கொசாக்குகளின் அரசுப் பணிக்கென்று தனிச் சட்டமே வந்தது. கொசாக் பள்ளிகளில் சிறுவர்கள் சீருடையோடு அணிவகுக்கிறார்கள். 2014 பிப்ரவரியில், சோச்சி ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோதே, அரசை எதிர்த்துப் பாட வந்த புஸ்ஸி ரயட் குழுப் பெண்களைக் கொசாக்குகள் சவுக்கால் அடித்ததை உலகம் வீடியோவில் பார்த்தது. அதே வருடம் கிரிமியாவிலும் டான்பாஸிலும் கொசாக் பிரிவுகள் துப்பாக்கியோடு நின்றன. 2022ல் தொடங்கிய உக்ரைன் போரிலும் கொசாக் தொண்டர் படைகள் போயின. எதிரில் நின்ற உக்ரைனும், தன் தேசிய கீதத்திலேயே, தன்னைக் கொசாக் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் நாடு.

நகல் வாளுக்கும் போருக்கும் முடிச்சுப் போடுவது நியாயமா என்று கேட்கலாம். வாங்குபவர்களில் பலர் அதைச் சுவரில் மாட்டுவதோடு சரி. வாளின் மேல் தவறில்லை. தவறு அதோடு சேர்த்து விற்கப்படும் கதையில் இருக்கிறது. விளம்பரத்தில் வீரம் இருக்கும், குதிரை இருக்கும், பரந்த புல்வெளி இருக்கும். 1864ன் கடற்கரை இருக்காது. ஃபாஸ்தோவ் இருக்காது. 1919ல் வாள் வைத்திருந்ததற்காகச் சுடப்பட்ட கொசாக்கும் இருக்கமாட்டான். தாங்கள் பட்ட கஷ்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு, தாங்கள் கொடுத்த கஷ்டத்தை மறந்துவிடுவது எல்லாச் சமூகங்களுக்கும் கைவந்த கலை. கொசாக்குகள் மட்டும் விதிவிலக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. சரித்திரத்துக்கும் இப்படிக் கூர் எடுத்து விற்கும்போது, அது யாரையும் உறுத்தாது. உறுத்தாத சரித்திரத்தை அடுத்த தலைமுறை சுலபமாகக் கையில் எடுத்துக்கொள்ளும்.

ஜோர்டான் தலைநகர் அம்மானில் அரண்மனைக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு விசேஷக் காவல் அணியைப் பார்க்கலாம். கறுப்பு அங்கி, மார்பில் தோட்டாக் குழாய்கள், ரோமத் தொப்பி, இடுப்பில் குத்துவாள். ரஷ்யக் கொசாக்குகள் இங்கே எப்படி வந்தார்கள் என்று தோன்றும். அவர்கள் சர்க்காசியர்கள். ரஷ்யாவிலிருந்து விரட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் 1878ல் வந்து குடியேறித்தான் பாழடைந்து கிடந்த பழைய அம்மான் மறுபடி ஊரானது. அவர்களுடைய சந்ததிகள் இன்றும் மன்னரின் காவலர்கள். ஒவ்வொரு மே 21ம் தேதியும் உலகெங்கும் உள்ள சர்க்காசியர்களுக்குத் துக்க நாள்.

சாஷ்காவோடு வரும் சான்றிதழில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கும். அலகின் நீளம், எஃகின் கடினம், இது ஆயுதம் அல்ல என்ற உறுதிமொழி, இவற்றுக்குக் கீழே இதன் பெயர் எந்த மொழிச் சொல், அந்த மொழி பேசியவர்கள் எங்கே போனார்கள் என்று அச்சடிக்கலாம். வாளின் விலை அதனால் ஒரு ரூபிளும் கூடிவிடாது.